திட்டக்குடிக்காரரின் குரல்

“விருத்தாசலத்திலேருந்து உமர் பாரூக் பேசுறன். யாராவது கேக்குறீங்களா?”

மைக்கின் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டு உமர் பாரூக் காத்திருந்தார். மேசை மேல் இருந்த ரேடியோ செட்டிலிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முந்தைய நொடிவரை அதே பெட்டிக்குள் ஐந்தாறு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி இரைச்சல். கொஞ்சம் பொறுத்து பண்ருட்டிக்காரர் ஒருவரின் குரல், நடுவில் யாருமே பேசாதது போல, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

“பாத்தீங்களாம்மா,” என்றார் உமர். “பத்து நாளா இப்படித்தான். முன்னல்லாம் இவங்க எல்லாரும் என் குரலைக் கேட்டாலே எந்திரிச்சி நிக்காத குறையா பேசுவாங்க.”

சிவகாமசுந்தரி மேசையை ஒட்டிய நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்யாக இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு, கடலூரில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கிடங்குகளையும் இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட மனிதர்களையும் நிறையவே பார்த்திருந்தாள். அவளுடைய உதவியாளர் அகல்யா ஜன்னலோரம் நின்று, உமரின் மனைவி சாதிகா கொடுத்த டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

“முகமே பாக்காதவங்களோட இவ்வளவு சிநேகமா பாய்?” என்றாள் அகல்யா. “எனக்கு முகம் பாத்துப் பழகுனவங்களே கடன் கேட்டா காணாமப் போயிடுறாங்க.”

உமர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நாளாகியிருந்தது.

அது தொண்ணூற்று மூன்றாம் வருடத்து ஐப்பசி. உமர் தம்மாமில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கடைவீதியில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். லைசென்ஸ் வாங்கி வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களில் ஒருவர். சுற்று வட்டாரத்தில் அப்படி இருந்தவர்கள் எல்லாரும் தினமும் பொழுது சாயும் நேரத்தில் காற்றில் கூடுவார்கள். பேச்சோடு பேச்சாகப் பழைய செட்டுகளும் மைக்குகளும் கைமாறும். வாங்குபவர் விற்பவரைப் பார்த்திருக்க மாட்டார். லாரி பார்சலில் சாமான் போகும், மற்றதெல்லாம் வாய்ச்சொல்தான்.

அந்த வாய்ச்சொல்லுக்கு ஜாமீனாக இருந்தவர் திட்டக்குடி மாணிக்கவேல். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘அந்தச் செட்டை நம்பி வாங்கலாம்’ என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு வருடமாக ஏற்பாட்டை அவரே நடத்தினார். விற்கிறவர்கள் விருத்தாசலம் லாரி ஆபீசுக்கு அனுப்ப வேண்டியது. அங்கே கோகுல்ராஜ் என்ற உறுப்பினர் எடுத்து, சோதித்து, வாங்குகிறவருக்கு அனுப்புவார். முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு போன சாமான்கள் போய்ச் சேரவில்லை. கேட்டவர்களுக்கு மாணிக்கவேலின் குரல் வருத்தத்தோடு சொன்னது: “கோகுல்ராஜை விசாரிச்சேன். எல்லாத்தையும் உமர் பாய் கடையில குடுத்து வெச்சிருக்காராம்.”

உமர் பதறிப்போய் மறுத்தார். அந்த வாரமே கோகுல்ராஜ் காணாமல் போனார். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலத்தின் ஓரம் அவருடைய மொபெட்டும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. போலீஸ் உமரைத் தினமும் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தது. உமர் உதவி கேட்டதும் சிவகாமசுந்தரி முதலில் அகல்யாவோடு போய்ப் பார்த்தது கோகுல்ராஜின் மனைவி அனுசியாவைத்தான்; பிள்ளைகளை அவர் சிரிக்க வைப்பதைச் சொல்லிச் சொல்லி அவள் அழுதாள்.

“கோகுல்ராஜ் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டாள் சிவகாமசுந்தரி.

“தங்கமான மனுஷன்ம்மா. பீங்கான் சாமான் செய்யிற செராமிக் யூனிட்டுல சரக்கு கட்டி அனுப்புற பிரிவுல இருந்தாரு. யூனிட்ட மூடிட்டாங்க. கஷ்டந்தான். ஆனா மரியாதை தெரிஞ்சவரு. மாணிக்கவேல் ஐயா பேசுற நேரத்துல வாயே தொறக்க மாட்டாரு. ஐயா பேசி முடிச்சிட்டுப் போனப்புறந்தான் வருவாரு.”

“ஒரு நாள்கூட ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டதில்லையா?”

உமர் யோசித்தார். “கேட்ட ஞாபகம் இல்ல.”

அப்போதுதான் பெட்டியிலிருந்து அந்தக் குரல் வந்தது. நிதானமான, லேசாகக் கரகரத்த, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு இறக்கும் கிழவரின் குரல்.

“எல்லாருக்கும் வணக்கம். திட்டக்குடி மாணிக்கவேல்.”

உமர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நண்பர்களே, நாம மனசு கல்லாயிடக் கூடாது. ஆனா நம்ம கோகுல்ராஜுக்கு நியாயம் கிடைக்கணும். மேலதிகாரிக்கு நாம எல்லாரும் சேர்ந்து ஒரு புகார் குடுக்கலாம்னு பாக்குறேன். யார் மேலன்னு நான் பேர் சொல்ல வேண்டியதில்ல. நாளைக்கு இதே நேரத்துல எல்லாரும்—”

விளக்கு அணைந்தது. மின்விசிறி சுழற்சி குறைந்து நின்றது. தெருவில் யாரோ அலுத்துக்கொண்டார்கள். விருத்தாசலம் முழுவதும் இருட்டில் மூழ்கியது.

ரேடியோ மட்டும் அணையவில்லை. கரண்ட்டை நம்பமுடியாத ஊர் என்பதால் உமர் அதை லாரி பேட்டரியில் ஓட்டினார். அதன் சிறிய சிவப்பு விளக்கில் நான்கு முகங்கள் தெரிந்தன.

“ஐயா, நாளைக்குன்னு சொன்னீங்க. அப்புறம் கேக்கல,” என்றது பண்ருட்டிக் குரல். “திட்டக்குடி? ஐயா?”

விழுப்புரமும் கூப்பிட்டது. சிதம்பரமும் கூப்பிட்டது. திட்டக்குடி வாய் திறக்கவில்லை.

“அங்கயும் கரண்ட்டு போயிடுச்சு போலருக்குது,” என்றாள் சாதிகா, மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டே.

“இருக்கும்,” என்றாள் சிவகாமசுந்தரி.

அவள் எழுந்திருக்காமல் அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் கழித்து விளக்கு வந்தது. தெருவில் பிள்ளைகளின் சத்தம் அடங்குவதற்குள் பெட்டியில் அந்தக் குரல் திரும்பியது. “மன்னிக்கணும். செட்டுல சின்ன கோளாறு.”

அகல்யா டீ தம்ளரைக் கீழே வைத்தாள்.

“நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸு,” என்றாள் சிவகாமசுந்தரி. “திட்டக்குடிக்கு.”

*

மாணிக்கவேலின் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி பெரியநாயகி. இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஐயாவைப் பாக்கணும்மா. ரேடியோ விஷயமா,” என்றாள் சிவகாமசுந்தரி.

அந்த அம்மாளின் முகம் வாடியது. “அதெல்லாம் எப்பவோ விட்டாச்சே. சரி, வாங்க.”

உள்ளே சாய்வு நாற்காலியில் ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. இவர்களைப் பார்த்ததும் கைகூப்பினார். உதடுகள் அசைந்தன. காற்றுக்கூட வெளியே வரவில்லை.

அகல்யா பதில் வணக்கம் சொல்ல மறந்து நின்றாள்.

“தொண்டையில கட்டி,” என்றார் பெரியநாயகி. “போன வருசம் மெட்ராஸ்ல ஆபரேசன் பண்ணாங்க. உசுரு தப்பிச்சுது. குரலு போயிடுச்சு.”

சிவகாமசுந்தரி நாற்காலியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள். “நேத்து சாயங்காலம் இங்க கரண்ட்டு போச்சாம்மா?”

“இல்லியே. டிவியில வயலும் வாழ்வும் பாத்துட்டு இருந்தோம். ஏன் கேக்குறீங்க?”

“ஐயாவோட ரேடியோ செட்டு எங்க?”

“வித்துட்டோம். பேச முடியாதவருக்கு அது எதுக்கு? அதைப் பாக்கப் பாக்க அழுதாரு.”

“யாருக்கு வித்தீங்க?”

“ஒரு தம்பி வந்துச்சு. பேரு ஏதோ சொல்லுச்சு, இவருக்கு அப்ப ஒரே வலி, யாரு கவனிச்சா. நல்ல தம்பி. இவரு காலத் தொட்டுக் கும்பிட்டுச்சு. உங்க குரலக் கேட்டுத்தான் நான் ரேடியோவுக்கே வந்தன்னு சொல்லுச்சு.”

கிழவர் கையை ஆட்டினார். மனைவி அவருடைய உதட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “பொட்டியில வெச்ச அழகைச் சொல்லுங்கிறாரு. அதுவும் உண்மைதான். வைக்கோல் கேட்டு வாங்கி, அடியில பரப்பி, செட்டைப் பேப்பர்ல சுத்தி எறக்கி, சந்து சந்தா திணிச்சுது. அப்புறம் மூடிட்டு, பொட்டிய லேசா ஆட்டி, காதை வெச்சு கேட்டுச்சு. கொழந்தை நெஞ்சுல காது வெச்சி பாக்குற மாதிரி.”

“பீங்கான் கட்டுறவங்க அப்படித்தான் பாப்பாங்க,” என்றாள் அகல்யா மெதுவாக.

சிவகாமசுந்தரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெரியவரிடம் கேட்டாள்: “ஐயா, உங்களுக்குக் குரல் போன விஷயம் கூட்டத்துல யாருக்காவது தெரியுமா?”

அவர் இல்லையென்று தலையசைத்தார். பெரியநாயகி சொன்னார்: “வேணாம்னுட்டாரு. எல்லாரும் பாவம் பாக்குறது புடிக்கல. அந்தத் தம்பிகிட்டதான் சொல்லிவிட்டாரு. கூட்டத்துல கேட்டா, நான் நல்லா இருக்கறன்னு சொல்லிடுன்னு.”

“சொல்லிக்கிட்டேதான் இருக்கான்மா,” என்றாள் அகல்யா.

விஷயத்தை முழுவதும் சொல்ல வேண்டியிருந்தது. சிவகாமசுந்தரி சுருக்காமல் சொன்னாள். அவர் பெயரில் ஒரு குரல் ஒரு வருடமாக ஜாமீன் கொடுத்தது, சாமான்கள் மறைந்தது, ஒருவர் காணாமல் போனது, இன்னொருவர் போலீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. கேட்கக் கேட்கக் கிழவரின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது. வாய் திறந்து மூடியது. அவர் கத்துகிறார் என்பது கழுத்து நரம்பைப் பார்த்தால்தான் தெரிந்தது.

*

திரும்பும் பஸ்ஸில் அகல்யா விரலை மடக்கினாள். “கரண்ட்டு போனது விருத்தாசலத்துல. அப்ப அந்தக் குரல் விருத்தாசலத்துலதான் இருக்குது. சரி. வைக்கோலு, பீங்கான். அது செராமிக் எஸ்டேட்டு. அதுவும் சரி. ஆனா ஊருல பாதிப் பேரு பீங்கான் கட்டுறவங்கதான அக்கா. எவன்னு எப்படிப் பிடிக்கிறது?”

“குரலை மாத்திக்கலாம். பேரை மாத்திக்கலாம். இவ்வளவு தூரம் பேசணும்னா உயரத்துல நீளமா ஒரு கம்பி கட்டியே ஆகணும். அதைச் சட்டைப் பையில வெச்சுக்க முடியாது.”

ஊருக்கு வெளியே செராமிக் தொழிற்பேட்டையில் இறங்கி, வெயிலில் நடந்தார்கள். இரு பக்கமும் சிறிய யூனிட்டுகள். ப்யூஸ் கட்டைகளும் கோப்பைகளும் பொம்மைகளும் வாசல்களில் வரிசையாகக் காய்ந்தன. புகைபோக்கிகள் எல்லாம் புகைந்தன, கடைசியில் இருந்த ஒன்றைத் தவிர. மூடிக் கிடந்த அந்த யூனிட்டின் புகைபோக்கி உச்சியிலிருந்து பின்பக்க வேப்ப மரத்துக்கு ஒரு மெல்லிய செப்புக் கம்பி போயிற்று. வெயில் பட்ட இடத்தில் மட்டும் மினுங்கியது.

முன்கேட்டில் துருப்பிடித்த பூட்டு. பின்கதவின் பூட்டில் எண்ணெய் போட்டிருந்தது.

அகல்யா குரலைத் தாழ்த்தினாள். “மூடிட்டாங்கன்னு பாய் சொன்னாரே, கோகுல்ராஜ் வேலை பாத்த யூனிட்டு, அது இதுதான். அக்கா, அந்த ஆளைக் கொன்னு இதுக்குள்ளயே…” அவள் பார்வை சூளையின் புகைபோக்கி மேல் நின்றது.

சிவகாமசுந்தரி அவளை மரத்தடிக்கு இழுத்தாள். “நான் போய் இன்ஸ்பெக்டரைப் பாக்குறேன். நீ கோகுல்ராஜ் சம்சாரம் அனுசியாவை அழைச்சிட்டு வா. பொழுது சாயுறதுக்கு முன்னாடி.”

“அந்தம்மாவை எதுக்கு?” அகல்யா மறுபடி புகைபோக்கியைப் பார்த்தாள். “அடையாளம் காட்டவா?”

“ஆமா. அடையாளம் காட்டத்தான்.”

*

பொழுது சாயும் நேரத்தில் பின்கதவின் பூட்டு திறந்து தொங்கியது. போலீஸ் ஜீப் அடுத்த யூனிட்டின் மறைவில் நின்றது. அனுசியாவின் கையை அகல்யா பிடித்துக்கொண்டிருந்தாள். வழி முழுக்க அந்தப் பெண் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். முகம் இருக்குதா, பாக்குற மாதிரி இருக்குதா என்று.

உள்ளே சூளைக்கு அப்பால், சரக்குக் கட்டும் அறை. கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம். சுவரை ஒட்டி மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. வைக்கோல் பிதுங்கிய பெட்டிகள். அந்தக் குரல் கேட்டது. இந்த முறை அது பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை. ஒரு தொண்டையிலிருந்து வந்தது.

“…அதனால உமர் பாரூக் மேல எல்லாரும் ஒரே வார்த்தையா புகார் குடுக்கணும். என் வயசுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். கோகுல்ராஜ் என் மகன் மாதிரி…”

மைக்கைப் பிடித்திருந்தவன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஒல்லியான முதுகு, அழுக்குப் பனியன். கட்டைவிரல் பொத்தானை அழுத்தியிருந்தது.

சிவகாமசுந்தரி கதவைத் தள்ளினாள். சாதாரணக் குரலில், பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள்.

“கோகுல்ராஜ்.”

அவன் திரும்பினான். மைக் கையிலேயே இருந்தது. விரல் அழுத்தியபடியே விறைத்துவிட்டது.

“யாரு நீ?” என்றான். கிழவரின் குரல் எங்கோ போய்விட்டது. இது முப்பத்தைந்து வயது ஆளின் மெல்லிய குரல்.

“சேத்தியாத்தோப்புல உங்களை ஆத்துல தேடிக்கிட்டு இருக்காங்க. திட்டக்குடியில மாணிக்கவேல் ஐயா தொண்டையில துணி சுத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க இங்க அவரா பேசிக்கிட்டு இருக்கீங்க.”

“இங்க பாருங்க. நான் செத்தவன். செத்தவனாவே போயிடறன். இந்தப் பொட்டிங்கள மெட்ராஸ்ல தள்ளிட்டா எனக்கு இந்த ஊரே வேணாம். எவ்வளவு வேணும்னு சொல்லுங்க.”

“உமர் பாய்?”

“அவருக்கு என்னங்க. கடை இருக்குது, ஆளு இருக்குது. பொணம் கெடைக்காத கேஸு நிக்காது. கொஞ்ச நாளு உள்ள இருந்துட்டு வெளிய வந்துடுவாரு.”

சிவகாமசுந்தரியின் பின்னாலிருந்து அகல்யா எட்டிப் பார்த்தாள். “கட்டைவிரல் வலிக்கலையாண்ணே?”

கோகுல்ராஜ் தன் கையைப் பார்த்தான். அழுந்தியிருந்த பொத்தானைப் பார்த்தான். விரலை எடுத்தான்.

பெட்டியில் இரைச்சல் வந்தது. அது நீண்டது. பிறகு பண்ருட்டிக் குரல், தயங்கித் தயங்கி: “கோகுலு… நீயா பேசுன?”

அவன் மைக்கை வீசிவிட்டு, சூளையைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்தான். சிவகாமசுந்தரி நகரவில்லை. அவளைத் தாண்டி அனுசியா அறைக்குள் வந்தாள். நேராக அவன் எதிரில் போய் நின்றாள். கம்பி ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவள் அவனைத் தொட்டுப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். புதுச் செருப்புப் போட்டிருந்தான்.

“பாய் வூட்டு வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டு வந்தன்யா,” என்றாள். “நேத்துக்கூட. அந்தம்மா கதவோரமா நின்னு பாத்துட்டே இருந்தாங்க. ஒரு வார்த்த திட்டல.”

கம்பி தரையில் விழுந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“யாரு குரல்லயும் பேசாத.”

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது.

அகல்யா பிறகு ஜீப்பின் பின்னால் நடந்து வரும்போது கேட்டாள். “எப்ப தெரியும் அக்கா, இவன்தான்னு?”

“மாணிக்கவேல் பேசுனா கோகுல்ராஜ் வாயே தொறக்க மாட்டாருன்னு உமர் பாய் சொன்னப்ப லேசா. ஒரே வாய்ல ரெண்டு பேர் எப்படிப் பேசுறது. அனுசியாவைப் பாக்கப் போனப்ப அவங்க அழுதுக்கிட்டே என்ன சொன்னாங்க? ஊர்ல இருக்குற அத்தனை பேர் மாதிரியும் பேசிக் காட்டி பிள்ளைங்களைச் சிரிக்க வைப்பாருன்னு. பொட்டியில வைக்கோல் வெச்சு கட்டுன கதையைக் கேட்டதும் சந்தேகம் தீந்துச்சு.”

“நான் சூளையில பொணம் இருக்கும்னு நெனச்சி அந்தம்மாவை அழைச்சிட்டு வந்தேன். சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா அந்தம்மாகிட்ட உளறியிருப்ப.”



*

காவல் நிலையத்தின் பெஞ்சில் உமர் பாரூக் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் மத்தியானமே கூப்பிட்டிருந்தார்கள். சிவகாமசுந்தரியைக் கண்டதும் எழுந்தார்.

“கோகுல்ராஜ் கிடைச்சுட்டாரு,” என்றாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “உசுரோடயா?”

“உசுரோடதான்.”

உமர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. “ஆத்துல வலை போடுறாங்கன்னு கேக்குறப்பல்லாம், கெடைச்சிடக் கூடாதுன்னு துஆ கேட்டன்ம்மா. கெடைக்காத வரைக்கும் உசுரோட இருக்குறாருன்னு அர்த்தம். அல்லா கை விடல.”

மீதியை அவள் சொன்னாள். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபிறகு உமர் கேட்டது கோகுல்ராஜைப் பற்றி அல்ல.

“மாணிக்கவேல் ஐயாவுக்குக் குரலே இல்லியா?”

“ஒரு வருஷமா இல்ல.”

“எங்க அத்தா மவுத்தானப்ப ஐயா எனக்கு எவ்வளவு ஆறுதல் சொன்னாரு தெரியுமா. அதுவும் இந்த வருஷந்தான்.” உமர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் அன்னிக்கி யாருகிட்டம்மா அழுதன்?”



வாசலில் நிழல் விழுந்தது. அனுசியா நின்றிருந்தாள். உள்ளே வரவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்பக்கத்தில் எங்கோ இரும்புக் கதவு சாத்தும் ஓசை கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உமர் அவளை நெடுநேரம் பார்த்தார். கோபம் ஒன்று வந்து அவர் முகத்தில் நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். அது உடனே போய்விடவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“பிள்ளைங்க எங்கம்மா?”

“வூட்ல,” என்றாள் அவள். “தனியா இருக்குதுங்க.”

உமர் எழுத்தரிடம் திரும்பி, அங்கிருந்த டெலிபோனைக் காட்டினார். “எங்க வூட்டுக்கு ஒரு போன் போட்டுக்கட்டுங்களா சார்? சாதிகாகிட்ட சொன்னா போய் அழைச்சிட்டு வந்துடுவா. இவங்க போற வரைக்கும் பிள்ளைங்க பயந்துடும்.”